ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய செட்டை என்ன செய்வது? கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு வீடு கழுவும் வாரம் வந்தால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் குவிந்துவிடும். செந்தூலில் ஒருவர் அலமாரி உச்சியிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கியிருப்பார். கெப்போங்கில் ஒருவருக்கு அம்மாவின் கல்யாண வீடியோ கிடைத்திருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டிலிருந்து ஒரு தங்கை, "அண்ணே, இந்த மஞ்சள் வயரை எதில் சொருகுவது?" என்று கேட்டிருப்பார். கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் கடை வைத்திருக்கவில்லை. பழைய சாமானைப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

"பழைய செட்" என்று எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

அது உங்கள் வயதைப் பொறுத்தது. தாத்தா பாட்டி காலத்தில் கம்பி வழியாகப் பாட்டு வந்த ரெடிஃப்யூஷன் பெட்டி. அதற்கு அடுத்து ரேடியோகிராம். மேல் மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு, முன்பக்கம் வானொலி. டிவி இங்கே 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. முதல் ஸ்டூடியோ ஜாலான் அம்பாங்கில் இருக்கும் துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபம்தான். கலர் வருவதற்கு 1978 டிசம்பர் ஆகிவிட்டது. 1984-இல் டிவி3 வந்தது. அப்புறம் வாடகை வீடியோ, மினி காம்போ (ஆம்ப்ளிஃபயர், வானொலி, கேசட் எல்லாம் சேர்ந்த செட்), விசிடி, கரோக்கே. 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவியின் தட்டு கூரைமேல் ஏறி, வானவில் என்ற தமிழ் சேனல் வீட்டுக்குள் வந்தது.

எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் தொண்ணூறுகளின் ஹால்தான். ஒரு சுவரை முழுசாக அடைத்த தேக்கு நிற அலமாரி. நடுவில் 29 அங்குல டிவி, அதன் தலையில் பின்னல் துணி, துணிமேல் பிளாஸ்டிக் பூச்சாடி. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி. அதில் ஒன்றின் நடுக் குமிழ் கட்டாயம் உள்ளே அமுங்கியிருக்கும்; வீட்டில் எந்தப் பிள்ளையின் விரல் வேலை என்று இன்றுவரை பஞ்சாயத்து நடக்கும். ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. உறை மஞ்சளடித்து, பட்டன்மேல் இருக்கும் எழுத்தே தெரியாது, ஆனால் எது எந்தப் பட்டன் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு நிஜமாகவே நன்றாக இருந்ததா, இல்லை நமக்கு வயதாகிறதா?

படம் நன்றாக இல்லை. இதில் வாதத்துக்கே இடமில்லை. விஎச்எஸ் டேப்பில் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 240 கோடுகள் அளவுக்குத்தான் நுணுக்கம் பதியும். விசிடி 352க்கு 288 புள்ளிகள். இன்று சாதாரணமாக விற்கும் 4கே டிவியில் 3840க்கு 2160. அந்தக் காலத்து வாடகை டேப் போதாததற்கு நகலின் நகல். ஒவ்வொரு நகலிலும் நிறம் கரைந்து சிவப்பு வழிந்து, கதாநாயகியின் பொட்டு கன்னம்வரை பரவியிருக்கும். படத்தின் அடியில் கடை விளம்பரமும் ஃபோன் நம்பரும் ஓடும்.

ஒலி வேறு கதை. எட்டு அங்குல ஸ்பீக்கர், ஆழமான மரப்பெட்டி, அதற்குப் போதிய காற்று. தபேலாவின் இடது கை அடி நெஞ்சில் வந்து விழும். இன்றைய டிவியின் தடிமனுக்குள் அந்த ஸ்பீக்கரை வைக்கவே முடியாது. ஆக, ஒலியைப் பொறுத்தவரை உங்கள் ஞாபகம் சரிதான்.

மூன்றாவது விஷயம் கூட்டம். வாடகை டேப்பை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும், வீட்டில் இருப்பதோ ஒரே டிவி. அதனால் பக்கத்து வீட்டாரும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அதெல்லாம் பற்றாக்குறை செய்த வேலை. வீடியோ டெக்கை ரிப்பேர் செய்தால் அந்தக் கூட்டமும் திரும்பி வரும் என்று நினைத்துக் காசைக் கொட்டாதீர்கள். நல்ல ஒலிக்குச் செலவழியுங்கள். அதற்கும் முன்னால், வீட்டில் எடுத்த டேப்புகளைக் காப்பாற்றச் செலவழியுங்கள். சினிமாப் படம் எங்கேயாவது கிடைத்துவிடும், உங்கள் தாத்தா பேசிய டேப் வேறெங்கும் இல்லை.

ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய டிவியில் வசனம் ஏன் புரியவே மாட்டேன் என்கிறது?

இதைக் கேட்காத வீடே இல்லை. காரணம் ஒன்றல்ல, மூன்று நான்கு சேர்ந்து வருகிறது.

டிவியின் ஸ்பீக்கர்கள் இப்போது உங்களைப் பார்த்து இல்லை. தரையையோ பின்சுவரையோ பார்த்து இருக்கின்றன. சட்டம் மெலிதாக வேண்டும் என்று முன்பக்கத்தில் இடமே விடுவதில்லை. குரல் சுவரில் பட்டுத் திரும்பித்தான் உங்களிடம் வருகிறது. அடுத்தது நம் தாமான் வீடுகளின் ஹால்: தரை முழுக்க டைல்ஸ், சிமென்ட் சுவர், திரைச்சீலை இருந்தாலும் பகலில் ஒதுக்கி வைத்திருப்போம். கை தட்டிப் பாருங்கள், 'டிங்' என்று எதிரொலி வரும். அந்த எதிரொலிதான் வசனத்தின் மெய்யெழுத்துகளைத் தின்கிறது.

அப்புறம் படத்தின் ஒலிக்கலவை. தியேட்டருக்காக ஆறு தடங்களில் கலக்கிய ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். டிவி அதை இரண்டு சின்ன ஸ்பீக்கரில் பிழிந்து ஊற்றும்போது பின்னணி இசையும் வெடிச்சத்தமும் வசனத்தின்மேல் ஏறி உட்காரும். பழைய படங்களில் ஒலி ஒரே தடம், வசனம்தான் ராஜா. அதனால்தான் அறுபதுகளின் படம் இன்றைக்கும் அதே டிவியில் தெளிவாகக் கேட்கிறது. புதுப் படத்துக்கு சப்டைட்டில் தேவைப்படுகிறது.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியது: அமைப்புகளில் ஒலி வெளியீட்டைச் 'சுற்றொலி' என்று வைத்திருந்தால் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். செயலியிலேயே ஸ்டீரியோ ஒலித்தடம் இருந்தால் அதையே எடுங்கள். டிவியில் குரலைத் தூக்கிக் காட்டும் ஒலி வகை ஒன்று இருக்கும், போட்டுப் பாருங்கள். தரையில் ஒரு கனமான கம்பளம் விரியுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

கையோடு இன்னொன்று. புது டிவியில் சினிமா பார்த்தால் நாடகம் மாதிரி வழவழவென்று தெரிகிறதா? சினிமா விநாடிக்கு 24 படம். இடையில் இல்லாத படங்களை டிவி தானாகக் கற்பனை செய்து செருகுகிறது. அசைவை மென்மையாக்கும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

அந்தப் பழைய மினி காம்போவையே புது டிவியோடு சேர்க்க முடியாதா?

முடியும், செய்யுங்கள். சவுண்ட்பார் வாங்குவதற்கு முன்னால் இதைத்தான் முயற்சி செய்து பார்க்கச் சொல்வேன்.

காம்போவின் பின்பக்கம் 'ஆக்ஸ்' என்று எழுதிய சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருக்கும். டிவியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் ஒரே ஒரு வயரில் வேலை முடிந்தது. பல டிவிகளில் இப்போது அது இல்லை. அதற்குப் பதில் சின்னச் சதுரக் கதவு வைத்த ஆப்டிக்கல் துளை இருக்கும். அதிலிருந்து ஒளிநாரில் வரும் டிஜிட்டல் சமிக்ஞையைப் பழைய காம்போவுக்குப் புரிகிற மாதிரி மாற்ற, டேக் எனப்படும் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று வேண்டும். லோயாட் பிளாசாவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

சேர்த்த பிறகும் சத்தமே வரவில்லை என்று பத்தில் எட்டுப் பேர் திரும்ப அழைப்பார்கள். டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருக்கும். அதை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள், உடனே பேசும்.

ப்ளூடூத் வழியாகச் சேர்க்கலாமே என்பார்கள். சேர்க்கலாம், ஆனால் ஒலி சற்றுப் பிந்தி வரும். உதடு மூடிய பிறகு வசனம் கேட்கும். பாட்டு மட்டும் கேட்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

பல வருடம் சும்மா கிடந்த காம்போ என்றால், முதலில் மூடியைக் கழற்றி உள்ளே பல்லி, கரப்பான், எறும்புக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கதகதப்பான மின்பலகை என்றால் நம் ஊர்ப் பல்லிக்குக் கொள்ளை ஆசை; செத்தும் ஷார்ட் சர்க்கியூட் செய்துவிட்டுத்தான் போகும். வால்யூம் திருகைத் திருகும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் போதும். ஸ்பீக்கர் கூம்பின் ஓரத்து நுரை வளையம் தொட்டாலே உதிர்கிறதா? நம் ஈரப்பதத்துக்கு அது அப்படித்தான் ஆகும். வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம், ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டாம்.

கல்யாண வீடியோ டேப் கிடைத்திருக்கிறது. இன்றைக்கே போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

டேப்பின் முன்பக்கத்தில் இரண்டு கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதன் வழியே சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுத்து, ஒரே சீராக, கருங்கல் போல மின்னினால் நல்லது. விளிம்பில் வெள்ளைப் புள்ளி, திருநீறு தூவிய மாதிரி பொடி, சிலந்தி நூல் போல இழை, இதில் எது இருந்தாலும் அது பூஞ்சை. பெட்டியைத் திறந்ததும் ஈரத்துணி வாடை அடித்தாலும் சந்தேகப்படுங்கள். நம் ஊர்க் காற்றில், ஏர்கான் இல்லாத ஸ்டோர் ரூமில் கிடந்த டேப்புகளில் இது சர்வ சாதாரணம்.

பூஞ்சை பிடித்த டேப்பை டெக்கில் போட்டால் மூன்று நட்டம். டேப் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கிழியும். டேப்பைப் படிக்கும் டெக்கின் தலையில் பூஞ்சை அப்பிப் படம் மறையும். அடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் அது ஒட்டிக்கொள்ளும். அந்த டெக் ரொம்ப அருமையான பொருள் என்பதை மறக்காதீர்கள். கடைசிவரை விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பான் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று இருப்பதெல்லாம் பழையது மட்டுமே.

பூஞ்சை இருந்தால் தனிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மற்ற டேப்புகளிடமிருந்து பிரித்து வையுங்கள். சுத்தம் செய்து பதிவு எடுத்துக் கொடுப்பவர்களிடம் தருவதுதான் பத்திரம். அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பூஞ்சை டேப்புக்கென்று தனி டெக் வைத்திருக்கிறீர்களா? கோப்பை எந்த வடிவத்தில் தருவீர்கள்? "டிவிடியில் போட்டுத் தருகிறோம்" என்றால் ஒரு கோப்பையும் யுஎஸ்பியில் சேர்த்துக் கேளுங்கள். விநாடிக்கு 8 மெகாபிட் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 3.6 ஜிகாபைட் பிடிக்கும். மூன்று மணி நேர டேப் 11 ஜிகாபைட்டில் அடங்கிவிடும்.

டேப் சுத்தமாக இருக்கிறது, வீட்டிலேயே எடுக்கிறேன் என்பவர்களுக்கு: டேப்பின் முதுகில் ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் தாத்தாமேல் எட்டு மணிச் செய்தி பதியாது. டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் பதிவைத் தொடங்குங்கள். நம் ஊர் டேப்புகள் பால் (PAL) எனப்படும் வீடியோ முறை, விநாடிக்கு 25 படம். பதிவுச் செயலி வேறொரு முறையில் அமைந்திருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வரும். படம் 4க்கு 3 விகிதம். அதை இழுத்து அகல டிவி முழுக்க நிரப்பாதீர்கள். மணப்பெண் குட்டையாகிவிடுவார், அத்தைமார் கோபித்துக்கொள்வார்கள்.

நான்கு அங்குலம்கூட இல்லாத குட்டி டேப் கிடைத்தால் அது எட்டு மில்லிமீட்டரா, மினி டிவியா (MiniDV) என்று மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள். மினி டிவி என்றால் உள்ளே இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. ஃபயர்வயர் துளை வைத்த பழைய கம்ப்யூட்டர் கிடைத்தால் தரம் துளியும் குறையாமல் அப்படியே எடுக்கலாம். ஆக, அந்தக் கேமராவையும் அதன் சார்ஜரையும் எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள்.

கேசட்டுகள்?

வீடியோவைவிடக் கேசட் கெட்டிக்காரன். டெக்தான் படுத்துவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி வழிந்திருக்கும். கையில் பட்டால் லேசில் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து எடுத்துவிட்டுப் புது பெல்ட் மாட்டலாம். உதிரிப் பாகம் தேடுகிறவர்கள் புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போகாமல் இருக்க முடியாது. பழைய பெல்ட்டின் சுற்றளவை நூலால் அளந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

கேசட்டின் அடிவாயில், நடுவில், பித்தளைத் தகட்டின்மேல் ஒரு குட்டிப் பஞ்சு இருக்கும். அது விழுந்திருந்தால் ஒலி மங்கி, உயர் சுருதி காணாமல் போகும். டேப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். வேறொரு வேண்டாத கேசட்டின் கூட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, சுருளை அதற்கு மாற்றினால் பழையபடி பாடும். 120 நிமிடக் கேசட் என்றால் மட்டும் மெதுவாகக் கையாளுங்கள். அதன் நாடா 9 மைக்ரான் தடிமன்தான், 60 நிமிடக் கேசட்டில் பாதி. வேகமாகச் சுற்றினால் இழுபட்டுவிடும்.

எதை முதலில் டிஜிட்டல் ஆக்குவது? பாட்டுக் கேசட்டுகள் பொறுக்கட்டும். ஊரில் இருந்த சித்தப்பாவுக்குக் குரல் பதிந்து அனுப்பியது, அவர் பதிலுக்கு அனுப்பியது, வானொலியில் பிறந்தநாள் வாழ்த்தில் உங்கள் பெயர் வந்தபோது பதிந்தது, கோவில் கச்சேரியில் மடியில் வைத்து எடுத்தது, இவைதான் முதல் வரிசை. பாட்டுக் கேசட்டிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியது. ஒலிக்காக அல்ல, உறைக்குள் இருக்கும் அப்பாவின் கையெழுத்துப் பட்டியலுக்காக. அதை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இசைத்தட்டு வாங்க ஆசை. எங்கே போவது, என்ன பார்ப்பது?

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வாரக்கடைசியில் பழம்பொருள் சந்தை கூடும். இசைத்தட்டுக் கடைகளும் அங்கேயே உண்டு. பினாங்குக்காரர்களுக்கு லோரோங் கூலிட் காலைச் சந்தை. தமிழ்த் தட்டுகள் குறைவாகத்தான் வரும், வந்தாலும் நிலைமை பரிதாபமாக இருக்கும். தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள். கீறல்கூடப் பரவாயில்லை. பள்ளங்கள் சாம்பல் பூத்துத் தெரிந்தால் தேய்ந்த ஊசியில் வருடக்கணக்கில் ஓடியது என்று அர்த்தம், கழுவினாலும் வராது.

புதிதாக வாங்குகிற பலர் சூட்கேஸ் வடிவப் பிளேயரில் மயங்குகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அந்த மாதிரிகளில் பல, ஊசியைக் கனமாக அழுத்துகின்றன. நல்ல காந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) 2 கிராம் அளவு பாரத்தில் ஓடும். மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். அபூர்வமான தட்டை அதில் போட எனக்கு மனசு வராது.

காந்த கார்ட்ரிட்ஜில் இருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். அதை நேரே 'ஆக்ஸ்' துளையில் கொடுத்தால் கொசு பாடுவது போலக் கேட்கும். ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' துளை வேண்டும், இல்லாவிட்டால் இடையில் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். அது ஒலியைப் பெருக்குவதோடு, தட்டு வெட்டும்போது குறைத்த கீழ்ச் சுருதியைத் திரும்ப ஏற்றியும் கொடுக்கும்.

ஜப்பான் செகண்ட் ஹேண்ட் கடைகளில் ஆம்ப்ளிஃபயர் மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது, பொருளும் தரமானது. ஆனால் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230. பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் ஒரு 'பட்', கொஞ்சம் புகை, முடிந்தது கதை. மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் வாட்டுக்கு மேல் தாங்குவதாக.

இசைத்தட்டுப் பிளேயர் என்றால் இன்னொரு வம்பு. ஜப்பானில் தோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. நம் நாட்டில் 50. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பிச் சுழலும் பழைய மோட்டார் 60-க்கு அமைத்ததாக இருந்தால், இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கி, பாடகி தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கும். இதை டிரான்ஸ்ஃபார்மரால் சரிசெய்ய முடியாது. மோட்டார்க் கப்பியை மாற்ற வேண்டும். குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள நேரடிச் சுழற்சி மாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வானொலி சேர்ந்த செட்டா? ஜப்பானின் பழைய எஃப்எம் 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிடும். கோலாலம்பூரில் மின்னல் எஃப்எம் 96.3. எட்டவே எட்டாது.

விசிடி, டிவிடி குவியலை வைத்துக்கொள்ளவா? கரோக்கே தட்டுகள் வேறு இருக்கின்றன.

சினிமா விசிடிகளைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். ஒரு தட்டில் 74 நிமிடம், படத்துக்கு இரண்டோ மூன்றோ தட்டு, சண்டை உச்சத்தில் எழுந்து போய் மாற்ற வேண்டும். அதில் ரசிக்க என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியதாக இருந்தால் தியேட்டரில் யாரோ எழுந்து போகிற தலைகூடத் தெரியும்.

அசல் டிவிடிகளை வையுங்கள், குறிப்பாகப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை. ஸ்ட்ரீமிங்கில் ஒரு படம் இன்று இருக்கும், உரிமம் முடிந்தால் அடுத்த மாதம் இருக்காது. இந்தியாவில் வாங்கிய டிவிடி ஓடாவிட்டால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள்: இந்தியா 5, மலேசியா 3. 'ஆல்' என்று போட்டிருந்தால் எதிலும் ஓடும்.

கரோக்கே விசிடி தனிப் பிறவி. ஒரு பக்க ஒலித்தடத்தில் இசை மட்டும், மறுபக்கத்தில் பாடகர் குரலோடு. பிளேயரில் இடது வலது மாற்றும் பட்டன் இருப்பது இதற்குத்தான். அதைக் கணினியில் நகலெடுக்கும்போது இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். இன்று ஃபோனிலேயே கரோக்கே இருக்கிறது, சரி. ஆனால் ப்ளூடூத் ஸ்பீக்கரில் இசை போய்ச் சேரவே தாமதம்; நீங்கள் பாடுவது ஒரு தாளம், அது வாசிப்பது ஒரு தாளம். அந்த ஒரு வேலைக்கு, எக்கோ திருகு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயரும் வயர் மைக்கும் இன்றைக்கும் தோற்காது. குடும்ப விருந்தில் மாமா மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்ற பிரச்சினைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தீர்வு வரவில்லை.

மழை வந்தால் ஆஸ்ட்ரோ தட்டில் படம் போவது ஏன்? இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டுமா இன்னமும்?

கூரைத் தட்டுக்கு வரும் கேயூ அலைவரிசையை அடர்ந்த மழை விழுங்கிவிடும். செயற்கைக்கோளிலும் கோளாறு இல்லை, பெட்டியிலும் இல்லை. மழை விட்டால் வந்துவிடும். இணையத்தில் பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பிளக் விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடி சாதாரணமானதல்ல. ஃபைபர் கேபிள் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் மோடத்துக்குப் போகும் மின்வயரிலும் கூரை ஆன்டெனா வயரிலும் ஓடும்.

அப்பாவுக்குப் புது ரிமோட் பிடிபடவே இல்லை. பழைய டிவியே போதும் என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்பு ஒரு பட்டனை அழுத்தினால் படம் வந்தது. இப்போது டிவி விழித்து, செயலிகளை அடுக்கி, "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறது.

பழைய டியூப் டிவியில் ஆன்டெனாவை மாட்டினால் இப்போது வெறும் புள்ளிதான் வரும். அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுக்க நின்றுவிட்டது. ஆனால் இலவச டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிகோடர் ஒன்றும் யுஎச்எஃப் ஆன்டெனாவும் வாங்கி, டிகோடரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் சேர்த்தால் அதே டிவியில் டிவி2 வரும், மாதக் கட்டணம் இல்லை. புது டிவியாக இருந்தால் பெரும்பாலும் டிகோடர் உள்ளேயே இருக்கும். சேனலைத் தேட விட்டு, டிவியைப் போட்டதும் நேரே சேனல் வரும்படி அமைத்துக் கொடுங்கள். தேவையில்லாத செயலிகளை நீக்குங்கள். ரிமோட்டில் அவர் தொடக்கூடாத பட்டன்கள்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடலாம். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சத்தைப் பழைய பேப்பர் லாரியில் போடலாமா?

'பேப்பர் லாமா' என்று மைக்கில் கூவிக்கொண்டு வருகிற லாரி ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளும், அதன் செம்புக்காக. ஸ்பீக்கரை மட்டும் கொடுக்காதீர்கள். முதலில் சொந்தத்தில் யாருக்காவது வேண்டுமா என்று கேளுங்கள்.

டியூப் டிவியை லாரியிலும் போடாதீர்கள், குப்பைத் தொட்டி பக்கத்திலும் வைக்காதீர்கள். டியூபின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உள்ளே வெற்றிடம், உடைந்தால் சில்லு பறக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், கலர் டியூபுக்குக் கொடுப்பது 25,000 வோல்ட் அளவு. அதனால் பின்மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் சுற்றுச்சூழல் துறையின் அட்டவணைக் கழிவுகளில் எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் வருகிறது. வீட்டுக் கழிவை வாங்கிக்கொள்ளும் உரிமம் பெற்ற சேகரிப்பு மையங்களின் பட்டியல் அந்தத் துறையிடம் உண்டு. 29 அங்குலம் 40 கிலோவுக்கு மேல் கனக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

டெக்கையோ விசிடி பிளேயரையோ கொடுப்பதற்கு முன் உள்ளே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பார்த்த டேப் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். டெக்குக்கு உயிர் இல்லாவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடித் திருகாணிகளைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் டேப்பை ஏற்றி இறக்கும் குட்டி மோட்டாரும் பல்சக்கரமும் தெரியும். சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினால், சுற்றப்பட்ட நாடா உள்ளே திரும்பி, டேப் மேலே எழும்பி வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள்.